நாடாள ஆசைப்பட்டவள்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும், சாவில்லாத எல்ஃப் இனத்துத் தலைவி கலாட்ரியலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் நேராக அந்தத் தோட்டத்துக் காட்சிக்குத்தான் போவார்கள். கதாநாயகன் ஃப்ரோடோ, உலகையே அடக்கி ஆளும் சக்தி கொண்ட மோதிரத்தை நீட்டுகிறான், கேட்டால் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். அவள் ஒரு கணம் பார்க்கவே பயமாக இருக்கும்படி ஓங்கி நிற்கிறாள். அப்புறம் சிரிக்கிறாள், பழைய உருவத்துக்குத் திரும்புகிறாள், வேண்டாம் என்கிறாள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு இந்த வாசிப்பு போதவில்லை. நல்ல மனசுக்காரி ஒருத்தி கெட்டதை மறுப்பதில் என்ன இருக்கிறது? அந்தக் காட்சி இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம், அவளுக்கு அது வேண்டும் என்பதுதான். கொஞ்சநஞ்ச ஆசை இல்லை. தனக்கென்று ஒரு நாடு வேண்டும், அதைத் தன் இஷ்டப்படி ஆள வேண்டும் என்று பிறந்த தேசத்தை விட்டே கிளம்பி வந்தவள் அவள். அந்த ஆசையைக் கழித்துவிட்டுக் கலாட்ரியலைப் படித்தால் மிஞ்சுவது வெள்ளை உடை மட்டும்தான்.

படங்களில் மட்டும் அவளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. டோல்கீன் அவள் கதையை ஓரிடத்தில் எழுதி வைக்கவில்லை. 1954-55இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் அவள் வருவது சில அத்தியாயங்களில்தான். பின்னணி 'சில்மரில்லியன்' நூலில் இருக்கிறது. அது 1977இல், டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. மீதி, 1980இல் வந்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுப்பில். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மகன் கிறிஸ்டோபர் டோல்கீனே, கதை நடக்கும் மிடில் எர்த் உலகின் வரலாற்றில் இவ்வளவு சிக்கல் பிடித்த பகுதி வேறில்லை என்று எழுதியிருக்கிறார். ஏன் சிக்கல் என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் கதை.

அவள் பிறந்தது வாலினோரில். கடலுக்கு அப்பால், வாலர் என்ற தெய்வ சக்திகள் வாழும் மேற்குத் தேசம் அது. சூரியனும் சந்திரனும் இன்னும் உண்டாகாத காலம். பொன்னொளி வீசும் மரம் ஒன்று, வெள்ளியொளி வீசும் மரம் ஒன்று, அவைதான் அங்கே வெளிச்சம். அவள் கூந்தலில் அந்த இரண்டு ஒளியும் கலந்திருந்தன என்பார்கள். அப்பா ஃபினார்ஃபின், நோல்டோர் எல்ஃப்களின் அரசனுக்குக் கடைசி மகன். அம்மா, கடலோரத்து டெலரி எல்ஃப்களின் அரசன் ஓல்வேயின் மகள். நான்கு அண்ணன்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண். நோல்டோர் பெண்களிலேயே மிக உயரம். உடல் வலிமையில் வீரர்களோடும் படிப்பில் அறிஞர்களோடும் சரிக்குச் சரி நின்றவள்.

அவளுக்கு ஒரு பெரியப்பா உண்டு, தாத்தாவின் மூத்த தாரத்து மகன், ஃபியனோர். எல்ஃப்களில் அவனைப் போல் கைவண்ணம் படைத்தவன் இருந்ததில்லை. அவன் அவளுடைய கூந்தலில் ஒரு கற்றை கேட்டான். மூன்று முறை கேட்டான். ஒரு முடிகூடக் கொடுக்கவில்லை. மரங்களின் ஒளியைக் கற்களுக்குள் அடைத்து சில்மரில்கள் செய்யும் யோசனையே அவள் கூந்தலைப் பார்த்துத்தான் அவனுக்கு வந்தது என்று ஒரு பேச்சும் உண்டு. அந்தக் கற்களால்தான் பிறகு அத்தனை ரத்தமும் சிந்தியது. வாலர்களில் தீயவனான மெல்கோர் மரங்களை அழித்தான், அரசனைக் கொன்றான், கற்களைத் திருடிக்கொண்டு மிடில் எர்த்துக்கு ஓடினான். ஃபியனோரும் அவன் ஏழு மகன்களும் பழிவாங்கச் சபதம் எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கலாட்ரியலும் இருந்தாள். வாதிட்டுக்கொண்டிருந்த இளவரசர்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து நின்ற ஒரே பெண் அவள் என்கிறது சில்மரில்லியன். சபதம் எதையும் அவள் எடுக்கவில்லை. கற்கள் அவளுக்குப் பொருட்டில்லை, ஃபியனோரை அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் காவலற்றுப் பரந்து கிடக்கும் நிலங்களைப் பற்றி அவன் பேசியது அவள் மனதில் பற்றிக்கொண்டது. அங்கே போய், தன் விருப்பப்படி ஒரு நாட்டை ஆள வேண்டும். மற்றவர்களெல்லாம் கோபத்தில் கிளம்பினார்கள், பாசத்தில் கிளம்பினார்கள். இவள் ஆட்சி ஆசையில் கிளம்பினாள். வாலினோரில் எல்லாம் கிடைக்கும், தலைமை மட்டும் கிடைக்காது. அங்கே வாலர்கள் இருக்கிறார்கள், தாத்தா இருந்தார், மூன்று மகன்கள், அவர்களுடைய மகன்கள் என்று வரிசை நீள்கிறது. யாருமே இயற்கையாகச் சாகாத அரச குடும்பத்தில் கடைசிக் கிளையின் கடைசிப் பிள்ளைக்கு எந்தக் காலத்தில் முறை வரும்? சாவாமையின் இந்தப் பக்கத்தைப் பற்றி ஃபேன்டசி எழுதுகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை.

போன வழி கொடுமையானது. கப்பல்களுக்காக ஃபியனோரின் ஆட்கள் ஆல்குவாலோண்டேயில் டெலரிகளை வெட்டிச் சாய்த்தார்கள். அது அவள் அம்மாவின் ஊர், அம்மாவின் சனம். அதற்குப் பின் வந்த சாபத்தைக் கேட்டு அப்பா திரும்பிப் போனார். பிள்ளைகள் திரும்பவில்லை. ஃபியனோர் கப்பல்களில் தன் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போய், கரை சேர்ந்ததும் அவற்றைக் கொளுத்தியும் விட்டான். கைவிடப்பட்டவர்கள் வடக்கே, பனிப்பாறைகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கும் ஹெல்காராக்ஸேயை நடந்தே கடந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். அந்த நடைக்குத் தலைமை தாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

இவ்வளவு வேகத்தோடு வந்தவள் முதலில் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் ஃபின்ராட் நார்கோத்ராண்டில் கோட்டை கட்டினான். மற்ற இளவரசர்களும் ஆளுக்கொரு நிலத்தைப் பிடித்தார்கள். அவள் டோரியத் காட்டில், திங்கோல் அரசனின் மனைவி மெலியனிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். மெலியன் எல்ஃப் இனத்தவள் அல்ல, வாலினோரிலிருந்து வந்த தெய்வப் பிறவி. தன் சக்தியாலேயே நாட்டைச் சுற்றி ஒரு மாய வேலி போட்டிருந்தாள், அவளை மீறி யாரும் உள்ளே வர முடியாது. நீங்கள் ஏன் வாலினோரை விட்டு வந்தீர்கள் என்று மெலியன் ஒருநாள் கேட்கிறாள். மரங்கள் அழிந்ததையும் கற்கள் திருடுபோனதையும் சொல்கிறாள் கலாட்ரியல். ஆல்குவாலோண்டே படுகொலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மெலியனுக்கு ஏதோ மறைக்கப்படுகிறது என்று புரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பின்னாளில் எல்லோர் மனதையும் ஊடுருவிப் பார்க்கப் போகிறவள், இங்கே தன் மனதைத் திறக்க முடியாமல் நிற்கிறாள்.

முதல் யுகத்துப் போர்களில் அவள் பெயர் அநேகமாக வருவதே இல்லை. நான்கு அண்ணன்களும் செத்தார்கள். திங்கோல் கொலையுண்டான், மெலியன் மனமுடைந்து மேற்கே போய்விட்டாள், அவளோடு அந்த வேலியும் போயிற்று, டோரியத் அழிந்தது. ஒருத்தியின் சக்தியில் மட்டும் நிற்கும் நாடு அவள் போன பிறகு தாங்காது என்ற பாடத்தைக் கலாட்ரியலைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. அறிந்தும், கடைசியில் அப்படிப்பட்ட நாடு ஒன்றைத்தான் அவளும் கட்டினாள்.

அந்த யுகம் முடிந்ததும் நோல்டோர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. பலர் கப்பலேறினார்கள். அவள் போகவில்லை. கணவன் கெலெபோர்ன் மேல் இருந்த அன்பால் தங்கினாள் என்று 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுப்பில் உள்ள ஒரு குறிப்பு சொல்கிறது. 1967இல் வந்த ஒரு பாடல் புத்தகத்துக்கு எழுதிய குறிப்பில் டோல்கீன் வேறு மாதிரி சொன்னார்: அவள் திரும்பத் தடை இருந்தது, திரும்பும் எண்ணம் எனக்கும் இல்லை என்று அவளும் திமிராகப் பதில் சொல்லிவிட்டாள். என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாம் யுகத்தில் மெல்கோரின் பழைய ஏவலாளன் சௌரோன் அழகான வேடத்தில் வந்து எல்ஃப் கொல்லர்களுக்கு மோதிரக் கலை சொல்லித் தந்தபோது அவனை நம்பாத சிலரில் அவளும் ஒருத்தி. ஆனாலும் மோதிரம் ஒன்று அவளிடம் வந்து சேர்ந்தது. ஃபியனோரின் பேரன் கெலெப்ரிம்போர், சௌரோனின் கை படாமல் செய்த மூன்றில் ஒன்றான நென்யாவை அவளிடம் கொடுத்தான். பெரியப்பாவுக்கு ஒரு முடிகூடத் தராதவளின் விரலில் அவன் பேரன் செய்த மோதிரம்.

இந்த மூன்று மோதிரங்களும் என்ன செய்யும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவை போருக்கானவை அல்ல. தேய்வைத் தடுப்பதுதான் வேலை. பிடித்தமானதை அப்படியே, மாறாமல், வாடாமல் வைத்திருப்பது. நமக்கு இது எல்ஃப்களின் அழகுணர்ச்சி என்று தோன்றும். டோல்கீனுக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. நாவல் வெளிவந்த 1954லேயே ஒரு கடிதத்தில் எல்ஃப்களைச் சற்றுக் கடுமையாகவே பேசினார். இறந்த உடலைக் கெடாமல் பதப்படுத்தி வைக்கிறவர்களுக்கு ஒப்பிட்டார். மேற்கின் பேரின்பமும் வேண்டும், மிடில் எர்த்தில் மேலான இனமாக இருக்கும் பெருமையும் வேண்டும், அதற்காகக் காலம் நகரக்கூடாது என்று நினைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவள் ஆளும் காடான லோத்லோரியனை முதன்முதலில் படிக்கும்போது அதன் பொன்னிலைகளில் மயங்காதவர் இல்லை. எழுதியவரோ அதற்குள் ஒரு பிழையை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த லோரியனுக்கு அவள் தலைவியானது எப்போது தெரியுமா? ஒரு குறிப்பின்படி, ட்வார்ஃப் என்ற குள்ளர் இனத்தின் சுரங்க நாடான மோரியாவில் பால்ராக் என்ற தீப்பூதம் விழித்து, லோரியனின் அரசன் அம்ரோத் மறைந்த பிறகு, மூன்றாம் யுகம் 1981இல். முதல் யுகத்துக்கு ஏறக்குறைய 600, இரண்டாம் யுகத்துக்கு 3441, மூன்றில் 1981 என்று கூட்டினால், சந்திரன் முதலில் உதித்ததிலிருந்து கணக்கு வைத்தாலும் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாடு வேண்டும் என்று வந்தவளுக்கு நிலையான நாடு அமைய ஆறாயிரம் ஆண்டுகள். கிடைத்ததும் அவளும் கெலெபோர்னும் ராஜா, ராணி என்ற பட்டத்தை ஏற்கவில்லை, நாங்கள் காவலர்கள் மட்டுமே என்றார்கள். இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆசை தணிந்ததற்கான அடையாளம் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ, பட்டம் தேவைப்படாத அளவுக்கு அதிகாரம் கையில் இருக்கிறவர்கள் பேசும் பேச்சாகத்தான் படுகிறது.

அவள் ஆளும் விதத்தைப் பார்க்க ஒரே ஒரு காட்சி போதும். வழிகாட்டியான மந்திரவாதி கேண்டால்ஃபை மோரியாவில் இழந்து, களைத்துப்போய் வந்து நிற்கிறது ஃப்ரோடோவின் பயணக் குழு. பால்ராக்கை மீண்டும் கிளப்பிவிட்டது ட்வார்ஃப்கள்தான் என்று கேட்டதும் கெலெபோர்ன் கொதிக்கிறான். முன்பே தெரிந்திருந்தால் குழுவில் இருந்த ட்வார்ஃப் கிம்லியை உள்ளே விட்டிருக்க மாட்டேன் என்கிறான், போகிற போக்கில் கேண்டால்ஃபையும் ஒரு குத்து குத்துகிறான். கலாட்ரியல் சபை நடுவே கணவனைத் திருத்துகிறாள். அப்புறம் கிம்லியிடம் திரும்பி, மோரியாவின் ஏரியையும் ஊற்றையும் ட்வார்ஃப்களின் மொழியிலேயே பெயர் சொல்லிப் புகழ்கிறாள். பகையோடு வந்தவன் அந்த நிமிடத்தில் விழுந்துவிடுகிறான். கெலெபோர்னை எல்ஃப்களில் ஞானி என்று அவள் அறிமுகப்படுத்துவது இந்தக் காட்சியில்தான் என்பது டோல்கீன் வேண்டுமென்றே செய்த குறும்பா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பாவம் கெலெபோர்ன். அத்தனை வாசகர்களும் அவனை அந்த ஒரு கோபத்தை வைத்தே எடை போட்டுவிட்டார்கள்.

விடைபெறும்போது கிம்லி ஒரே ஒரு முடி கேட்கிறான். மூன்று கொடுக்கிறாள். ஃபியனோர் மூன்று முறை கேட்டுக் கிடைக்காமல் போன கதையை டோல்கீன் எழுதியது நாவல் வெளிவந்து பல ஆண்டுகள் கழித்து. பழைய காட்சிக்கு அடியில் புதிதாக ஒரு தளம் இறக்கினார். 1954இல் படித்தவர்களுக்கு அது அழகான ஒரு பரிசு மட்டும்தான். நமக்கு அது பழைய கணக்கு ஒன்றைத் தீர்ப்பதாகவும் தெரிகிறது.

வெளியே அவளைப் பற்றி வேறு பேச்சு. பக்கத்து மனித நாடான ரோஹனின் வீரர்களுக்கு அவள் சூனியக்காரி, அந்தக் காட்டுக்குள் போனவர்கள் மீள்வதில்லை என்பது ஊர்ப்பேச்சு. அவர்களில் ஒருவனான எயோமர் அப்படி ஏதோ சொல்லிவிட, கிம்லி கோடரியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே நின்றான். ஆயிரம் ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் நாட்டைப் பக்கத்து நாட்டுக்காரன் பயந்து பார்ப்பதில் தப்பொன்றும் இல்லை. தன் எல்லைக்குள் காலத்தையே மெதுவாக்கி வைத்திருக்கும் ஆட்சியாளர் வெளியிலிருந்து பார்த்தால் பயங்கரம்தான். குழு லோரியனில் ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. வெளியே வந்து நிலாவைப் பார்த்த ஃப்ரோடோவின் தோழன் சாம், நாட்கணக்கு பிடிபடாமல் திகைக்கிறான்.

இப்போது அந்தத் தோட்டத்துக்குப் போகலாம். ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டும்போது அவள் முன்னால் இருக்கும் வழிகள் எவை? மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய அவன் காரியம் தோற்றால் சௌரோன் ஜெயிப்பான், லோரியன் அழியும். காரியம் வென்றால் சௌரோனின் அந்த ஒற்றை மோதிரம் அழியும், அதோடு பிணைந்திருக்கும் நென்யாவின் சக்தியும் போகும், அப்போதும் லோரியன் வாடும். இரண்டிலும் நாடு போகிறது. நாட்டைக் காப்பாற்ற ஒரே வழி, இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அதை எடுத்துக்கொள்வது. இதைப் பற்றிப் பல காலம் யோசித்திருக்கிறேன் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். பொய் சொல்லவில்லை, வெட்கப்படவும் இல்லை. ஹெல்காராக்ஸேயை நடந்து கடந்த அந்தப் பெண் கேட்டது அத்தனையும், உலகம் முழுக்கவே, ஃப்ரோடோ என்ற ஹாபிட்டின், குட்டை இனத்தான் ஒருவனின், உள்ளங்கையில் இருக்கிறது.

நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானை நமக்குத் தெரியும். கலாட்ரியலுக்கு அந்த வழி இல்லை. சாவாமை அவள் உடம்போடு பிறந்தது, யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. அவள் விட்டுக்கொடுக்கக்கூடியது ஆட்சி ஒன்றுதான். விட்ட பிறகும் சாகாமல் இருந்து, விட்டதை நினைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னதன் எடை எனக்கு இங்கேதான் தெரிகிறது. உடனே அவள் சொல்வது இது: நான் குறைந்து போவேன், மேற்கே போவேன், கலாட்ரியலாகவே இருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒரு நல்ல நிர்வாகி செய்வது. தோட்டக்காரனான சாமிடம் தன் பழத்தோட்டத்து மண்ணைச் சின்னப் பெட்டியில் போட்டு, லோரியனின் பொன்னிலை மரமான மல்லோர்னின் விதை ஒன்றோடு கொடுத்தாள். போர் முடிந்து ஊர் திரும்பிய சாம், வெட்டப்பட்ட மரங்களின் இடத்திலெல்லாம் அந்த மண்ணைத் துளித்துளியாகத் தூவினான். மலைகளுக்கு மேற்கே, கடலுக்குக் கிழக்கே இருக்கும் ஒரே மல்லோர்ன் மரம் ஹாபிட்களின் நாடான ஷையரில்தான் வளர்ந்தது. சௌரோன் விழுந்தபின் அவனுடைய டோல் குல்தூர் கோட்டையின் சுவர்களையும் அவள் இடித்துத் தள்ளினாள். மூன்றாம் யுகம் 3021 செப்டம்பரில் மேற்கே கப்பலேறினாள். கெலெபோர்ன் அவளோடு போகவில்லை, பின்னால்தான் கிளம்பினான். மகள் கெலெப்ரியன், ஆர்க் என்ற அரக்கர்களிடம் சிக்கி மீண்ட பிறகு மனம் தேறாமல், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மேற்கே போயிருந்தாள். பேத்தி ஆர்வென் மனிதனை மணந்து சாவைத் தேர்ந்தெடுத்தாள். லோரியனை ஏற்க யாரும் இல்லை. கடைசியில் ஆர்வென் சாக வந்தபோது அங்கே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். டோல்கீன் தன் பழங்கதைகளை 1910களிலிருந்தே எழுதிவந்தார். அவற்றில் கலாட்ரியல் கிடையாது. 1940களின் தொடக்கத்தில் லோரியன் அத்தியாயத்தை எழுதும்போதுதான் அவள் வந்து நிற்கிறாள். இவ்வளவு பெரிய ஆள் எங்கிருந்து வந்தாள் என்று அவருக்கே விளக்கம் தேவைப்பட்டது. ஆகவே பழங்கதைக்குள் பின்னோக்கிப் போய் அவளுக்கு இடம் செய்தார். செய்து முடித்து விட்டுவிடவும் இல்லை, சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்.

திருத்தம் ஒரே திசையில் போனதுதான் விஷயம். 1953இல் ஜெசூட் சபை நண்பர் ஒருவர் கலாட்ரியலில் கன்னி மரியாளின் சாயல் தெரிகிறது என்று எழுத, கத்தோலிக்கரான டோல்கீன் அதை மறுக்கவில்லை. 1971இல் இன்னொரு கடிதத்தில் ஓர் எச்சரிக்கை வைத்தார்: சாயல் உண்டு, ஆனால் இவள் பாவத்துக்கு வருந்தியவள், இளமையில் வாலர்களுக்கு எதிரான கலகத்தில் தலைமை வகித்தவள். இதுவரை சரி. 1973 ஆகஸ்டில், இறப்பதற்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, தலைகீழாக எழுதினார்: அவள் களங்கமற்றவள், எந்தத் தீங்கும் செய்யாதவள், ஃபியனோரின் எதிரி. அந்தக் கடைசி வடிவத்தில் அவள் கலகத்தில் சேரவே இல்லை. தனியாக, முறையாக அனுமதி பெற்றுக் கிளம்பத்தான் திட்டமிட்டாள், படுகொலையின்போது டெலரிகள் பக்கம் நின்று போரிட்டாள். கெலெபோர்னையும் டோரியத்திலிருந்து தூக்கி ஆல்குவாலோண்டேக்கு மாற்றி ஓல்வேயின் பேரனாக்கினார், அதனால் அவன் அவளுக்குத் தாய்மாமன் மகனாகிவிட்டான்.

ஒரு பக்தனின் கைகள் செய்த வேலை இது, புரிகிறது. தன் படைப்பின்மேல் ஒரு கறையும் இருக்கக்கூடாது என்று வயதான மனிதர் ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் கதைக்கு நஷ்டம். கலகம் இல்லை, தடை இல்லை, திமிர் இல்லை என்றால் தோட்டத்தில் அவள் எதை வென்றாள்? லோரியனில் பிரிவின்போது அவள் பாடும் பாட்டில், எந்தக் கப்பல் என்னைத் திரும்பக் கொண்டுபோகும் என்ற கேள்வி எதற்கு? கிறிஸ்டோபர் அந்தக் கடைசி வடிவத்தைச் சில்மரில்லியனில் சேர்க்காமல் விட்டதற்கு நான் நன்றியுள்ளவன். வாடாமல் வைத்திருக்கும் ஆசை எல்ஃப்களின் குறை என்று சொன்ன அதே ஆசிரியர், கலாட்ரியல் விஷயத்தில் தானும் அதையே செய்துவிட்டார் என்று சொன்னால் ரசிகர்கள் கோபிப்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ரைடர் ஹேகர்டின் 1887 நாவல் 'ஷீ'. அதில் வரும் ஆயிஷா இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழும் அரசி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தூர நிகழ்ச்சிகளைப் பார்ப்பவள், உலகத்தையே ஆளத் திட்டம் போடுபவள். சிறுவயதில் தன்னை ஈர்த்த புத்தகமாக டோல்கீனே அதைச் சொல்லியிருக்கிறார். ஆயிஷா கடைசியில் உயிர்த்தீயில் இரண்டாம் முறை இறங்கி, எல்லோர் கண்முன்னும் சுருங்கி, குரங்களவு ஆகிச் சாகிறாள். கலாட்ரியலும் தோட்டத்தில் சுருங்குகிறாள், டோல்கீன் அப்படியேதான் எழுதுகிறார். முன்னவளுக்கு அது தண்டனையாக வந்தது, பின்னவள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

பின்னால் வந்தவர்களோ அவளுடைய காட்டையும் ஒளியையும் எடுத்துக்கொண்டார்கள். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் இன்றைய வீடியோ கேம்கள்வரை, மரங்களுக்கு நடுவே மெதுவாகப் பேசும் எல்ஃப் தலைவி எங்கும் உண்டு. ரேமண்ட் ஃபீஸ்டின் 'மெஜீஷியன்' (1982) நாவலில் எல்வாண்டார் காட்டு அரசி அக்லாரான்னா வரும்போது லோரியன் ஞாபகம் வராமல் இருக்காது. இவர்களில் பலர் அழகாக இருக்கிறார்கள், யோசனை சொல்கிறார்கள், அவ்வளவுதான். எதையும் ஆசைப்படுவதில்லை.

ஆசையை எடுத்துக்கொண்டவர் என்று நான் சொல்வது டாட் வில்லியம்ஸை. 1988இல் தொடங்கிய அவருடைய தொடரில் வரும் நார்ன் அரசி உட்டுக்கு, அந்த உலகிலேயே மூத்த உயிர். வெள்ளி முகமூடிக்குப் பின்னால், மலைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவள். மகன் சாவுக்கு மனித இனத்தையே பொறுப்பாக்கி, எத்தனை யுகம் போனாலும் அந்த நாளை விட்டு நகராதவள். நல்ல எல்ஃப் ராணிகளைவிட இவள்தான் கலாட்ரியலுக்கு நெருக்கமான வாரிசு. தோட்டத்தில் கைநீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு முழு நாவல் அளவில் ஒரு பதில்.

2001 படத்தில் கேட் பிளான்செட் நடித்த கலாட்ரியலில் ஓரளவு அந்தப் பயங்கரம் இருந்தது. குறைந்தபட்சம் அவளைப் பார்த்துப் பயப்பட முடிந்தது. படத்தின் தொடக்கத்தில் அவள் குரலில் வரும், உலகம் மாறுகிறது என்ற அந்தப் புகழ்பெற்ற வரிகள் நாவலில் ட்ரீபியர்டுடையவை. மரமனிதர் அவற்றைச் சொல்வதே கலாட்ரியலிடமும் கெலெபோர்னிடமும்தான். கேட்டவளின் வாயிலேயே அதைக் கொண்டுபோய் வைத்தது நல்ல தந்திரம்.

2022இல் தொடங்கிய 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரில் மார்ஃபித் கிளார்க் நடிக்கும் கலாட்ரியல் வாளோடு திரிகிறாள் என்று பலர் சண்டை போட்டார்கள். வாள் எனக்குப் பிரச்சினை இல்லை. ஹெல்காராக்ஸேயை நடந்தவளிடம் வாள் இருந்தால் என்ன? என் குறை வேறு. அண்ணனைக் கொன்றவனைத் தேடும் பழிவாங்கல்தான் அவளை ஓட்டுகிறது. அவள் இன்னொரு அரசனின் படைத்தலைவி, கட்டளையை மீறுகிறாள், திட்டு வாங்குகிறாள். நீ அரசியாகலாம் என்று சௌரோன் ஆசை காட்டும்போது அந்த ஆசை அவளுக்குள் முன்பே இருந்ததற்கான தடயம் எதையும் தொடர் விதைத்திருக்கவில்லை, அதனால் அவள் மறுப்பதும் சுலபமாக முடிந்துவிடுகிறது. கெலெபோர்ன் முதல் இரண்டு சீசன்களிலும் ஆளையே காணோம். இப்போது நென்யா அவள் விரலில் இருக்கிறது. இனியாவது அவள் தனக்கென்று ஒரு காடு கேட்கிறாளா என்று பார்க்கிறேன். அதுவரைக்கும் அந்தத் தொடரில் நாடாள ஆசைப்படும் பெண் என்றால் என் கணக்கில் ட்வார்ஃப் இளவரசி டிசாதான். மாமனார் மறுத்த பிறகும், இந்த மலை ஒருநாள் நம்முடையது, நாம் தோண்டத்தான் போகிறோம் என்று புருஷனிடம் அவள் சொல்கிற அந்த ஒரு காட்சிக்குப் பக்கத்தில் நிற்க கலாட்ரியலுக்கு இரண்டு சீசன்களிலும் ஒரு காட்சி கிடைக்கவில்லை.